குரோனோகிராஃப் காட்டும் வேகம் தாறுமாறாக வந்தால்: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரே டப்பாவிலிருந்து எடுத்த குண்டுகளை ஒரே துப்பாக்கியில் சுட்டு, குண்டின் வேகத்தைக் காட்டும் கருவியான குரோனோகிராஃபால் அளக்கிறீர்கள். விநாடிக்கு 170 மீட்டர், 171, 169 என்று சீராக வந்துகொண்டிருந்த எண் திடீரென 158-க்கு இறங்கி, அடுத்த குண்டுக்கு 181-க்கு ஏறுகிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் குண்டைச் சந்தேகிக்கிறார்கள், அடுத்து துப்பாக்கியின் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கிறார்கள், அளந்த கருவியின் மேல் சந்தேகம் வருவது கடைசியில்தான். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் கருவியையும், அது சரி என்று உறுதியான பிறகு துப்பாக்கியையும், இறுதியாகக் குண்டையும் சோதித்தால் நேரமும் பணமும் மிச்சமாகும்.

வெளிநாடுகளில் ரைஃபிள் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்பவர்கள் இதே சிக்கலை வெடிமருந்தின் எடை, உறையின் கொள்ளளவு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்று பல காரணிகளோடு சேர்த்து ஆராய வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் வெடிமருந்து வாங்கி வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கத்துக்கு இடமில்லை. காற்றுத் துப்பாக்கியே இங்கு உரிமம் தேவைப்படும் ஆயுதம். ஆகவே நமக்கு மிஞ்சும் காரணிகள் குறைவு: ஒவ்வொரு முறையும் வெளிவரும் காற்றின் அளவு, குண்டு, குழல். ஆனால் அளக்கும் கருவி செய்யும் பிழைகள் இரு தரப்புக்கும் பொதுவானவை. காரணிகள் குறைவாக இருப்பதால் அவற்றைப் பிரித்தறிவது நமக்குச் சற்று எளிது என்றே சொல்ல வேண்டும்.

ஒரு முன்னெச்சரிக்கை. சுடுதளத்தில் உங்கள் பாதைக்கு முன்னால் எதையும் வைப்பதற்கு முன் தள அதிகாரியின் அனுமதியைப் பெறுங்கள். கருவியை நிறுத்துவதும் நகர்த்துவதும் தளத்தில் சுடுதல் நின்று, எல்லாத் துப்பாக்கிகளும் கீழே வைக்கப்பட்டு, குழல்களில் பாதுகாப்புக் கொடிகள் செருகப்பட்டிருக்கும்போது மட்டுமே நடக்க வேண்டும்.

எவ்வளவு மாற்றம் பொருட்படுத்தத்தக்கது?

4.5 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 0.53 கிராம் எடையும் கொண்ட போட்டிக் குண்டு விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், 10 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் சுமார் 18 மி.மீ. கீழிறங்கும். வேகம் விநாடிக்கு 1 மீட்டர் மாறினால் அந்த இறக்கம் சுமார் 0.2 மி.மீ. மாறும். ஏர் ரைஃபிள் இலக்கில் 10-ஆம் வளையம் 0.5 மி.மீ. புள்ளி, ஒவ்வொரு வளையத்துக்கும் இடையே 2.5 மி.மீ. இடைவெளி உண்டு, தசமப் புள்ளிமுறையில் 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. ஆகவே விநாடிக்கு 1 மீட்டர் வேறுபாடு என்பது செங்குத்துத் திசையில் ஏறத்தாழ ஒரு தசமப் புள்ளிக்குச் சமம்.

அந்த ஒரு தசமம் அற்பமானதன்று. 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் மகளிர் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோவும் இந்தியாவின் மெஹுலி கோஷும் 247.2 என்ற ஒரே புள்ளியில் நின்றார்கள். கூடுதலாகச் சுட்ட ஒரு குண்டில்தான் தங்கம் சிங்கப்பூருக்கு வந்தது. சுடுபவரின் கை அசைவு இதைவிடப் பல மடங்கு பெரிய பிழையைத் தருகிறது என்பது உண்மை. ஆயினும் கையின் பிழை எது, கருவிகளின் பிழை எது என்று அறிந்த பயிற்சிக்கும் அறியாத பயிற்சிக்கும் வேறுபாடு உண்டு.

கருவியின் பிழை மற்றவற்றை எப்படி மறைக்கிறது?

திரையில் தெரியும் ஏற்ற இறக்கம் உண்மையான வேக மாற்றமும் கருவியின் பிழையும் கலந்த ஒன்று. இவை இரண்டும் நேரடியாகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. கருவியின் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) விநாடிக்கு 3 மீட்டர், துப்பாக்கியும் குண்டும் சேர்ந்து தரும் திட்ட விலக்கம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திரையில் தெரிவது 9-ஐயும் 1-ஐயும் கூட்டி வர்க்கமூலம் கண்ட 3.16. இப்போது நீங்கள் விலை உயர்ந்த குண்டுகளை வாங்கி, ஒவ்வொன்றாக எடை பார்த்துப் பிரித்து, உண்மையான விலக்கத்தைப் பாதியாக, அதாவது 0.5 ஆகக் குறைத்துவிட்டாலும் திரை காட்டப்போவது 3.04. அந்த முன்னேற்றம் கண்ணுக்கே தெரியாது. குண்டை மாற்றிப் பயனில்லை என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள். கருவியை முதலில் சீர்செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஒளி உணரிக் கருவிகள்

இரண்டு உணரிகளுக்கு இடையே குண்டு கடக்கும் நேரத்தை அளந்து வேகத்தைக் கணக்கிடும் கருவிகளே அதிகம் புழங்குகின்றன. உணரிகளின் இடைவெளி 30 செ.மீ. எனில், விநாடிக்கு 170 மீட்டரில் வரும் குண்டு அதை 1.76 மில்லி விநாடியில் கடந்துவிடும். வேகத்தில் 1 மீட்டர் வேறுபாட்டைக் காண, கருவி சுமார் 10 மைக்ரோ விநாடி வேறுபாட்டைப் பிரித்தறிய வேண்டும். குழலின் முனையில் பொருத்தும் சிறு கருவிகளில் இடைவெளி இன்னும் குறைவு. இடைவெளி 10 செ.மீ. என்றால், குண்டின் முன்விளிம்பை உணர்வதில் 1 மி.மீ. பிசகினாலே கணக்கு ஒரு விழுக்காடு, அதாவது விநாடிக்கு 1.7 மீட்டர் தவறும்.

உள்ளரங்கச் சுடுதளங்களில் பெரும் தொல்லை தருவது விளக்கு. சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய குழல் விளக்குகளும் தரம் குறைந்த எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை, உணரிக்குத் தெரிகிறது. ஒரு துடிப்புக்கு 10 மில்லி விநாடி ஆகிறது. குண்டோ இரண்டு மில்லி விநாடிக்குள் கடந்துவிடுகிறது. ஆகவே குண்டு வரும் கணத்தில் ஒளி கூடிக்கொண்டிருந்ததா, குறைந்துகொண்டிருந்ததா என்பது ஒவ்வொரு குண்டுக்கும் மாறும். எந்த ஒழுங்கும் இல்லாமல் எண்கள் எகிறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகிறது.

இதைக் கண்டறிய ஒரு குண்டும் செலவழிக்க வேண்டாம். கருவியை வழக்கமான இடத்தில் நிறுத்தி இயக்கிவிட்டு, யாரும் சுடாமல் பத்து நிமிடம் விடுங்கள். தானாகவே ஏதேனும் எண்ணோ பிழைச் செய்தியோ தோன்றினால் விளக்கைச் சந்தேகிக்கலாம். கைப்பேசியில் மெதுவியக்கக் காணொளி எடுத்துப் பார்த்தாலும் விளக்கு துடிப்பது தெரிந்துவிடும். தீர்வாக, கருவியோடு வரும் அகச்சிவப்பு விளக்கு இருந்தால் அதைப் பொருத்துங்கள். இல்லையென்றால் பவர் பேங்கில் ஓடும் எல்இடி பட்டையை உணரிகளுக்கு நேர் மேலே கட்டி, தளத்தின் பொது வெளிச்சம் உணரிகளின் மேல் விழாதபடி அட்டையால் மறையுங்கள். ஒளியைக் குறைக்கும் திருகு உள்ள பட்டையைத் தவிர்க்கவும். அவற்றில் பல, ஒளியை வேகமாக அணைத்து அணைத்தே குறைக்கின்றன.

அடுத்தது கருவி நிற்கும் கோணம். குண்டு உணரிகளுக்கு நேராகச் செல்லாமல் 5 டிகிரி சாய்ந்து சென்றால், கடக்கும் தூரம் 0.4 விழுக்காடு கூடி, திரையில் விநாடிக்கு சுமார் 0.65 மீட்டர் குறைவாகத் தெரியும். கோணம் மாறாதவரை எல்லா எண்களும் ஒரே அளவு தவறும்; ஒப்பீட்டுக்கு அது பெரிய கேடு செய்யாது. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் தோளில் தூக்கிச் சுடும்போது கோணம் மாறிக்கொண்டே இருப்பதுதான் கேடு. அதனால் வேகத்தை அளக்கும் நாளில் நின்று சுட வேண்டாம். துப்பாக்கியை மேசைமேல் மணல் பைகளில் கிடத்தி, ஒரே இலக்கைப் பார்த்துச் சுடுங்கள்.

பார்வைக் கோட்டுக்கும் குழலுக்கும் இடையே சில சென்டிமீட்டர் உயர வேறுபாடு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. குறிபார்க்கும் துளை வழியே பார்க்கும்போது கருவியின் நடுவில் செல்வதாகத் தோன்றும் குண்டு, உண்மையில் அதற்குக் கீழே செல்லும். கவனியாமல் விட்டால் உணரியின் மேலேயே குண்டு பாயும்.

தூரமும் நிலையாக இருக்க வேண்டும். தட்டை முகம் கொண்ட குண்டு காற்றில் வேகத்தை விரைவாக இழக்கிறது. ஒரு மீட்டருக்கு விநாடிக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை குறையும். போன மாதம் அரை மீட்டர் தள்ளி வைத்து எடுத்த அளவையும் இன்று ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து எடுத்த அளவையும் ஒப்பிட்டுத் துப்பாக்கி பலம் இழந்துவிட்டது என்று முடிவு செய்வது தவறு. மிக அருகில் வைத்தால் குழலிலிருந்து வெளிப்படும் காற்று முதல் உணரியைத் தூண்டிவிடக்கூடும். ஒரு மீட்டர் பொருத்தமான தூரம். தரையில் நாடா ஒட்டிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. இங்குள்ள காற்றின் ஈரம் 24 டிகிரி அளவிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். நன்கு குளிரூட்டப்பட்ட அறையில் இருந்த கருவியைத் திறந்த தளத்துக்குக் கொண்டுவந்தவுடன் உணரிகளின் முகப்பில் மெல்லிய ஈரப்படலம் உருவாகி, அது உலர்ந்துகொண்டிருக்கும்போது எடுக்கும் அளவுகள் மெல்ல மெல்ல நகரும். அரை மணி நேரம் வெளியில் வைத்த பிறகு தொடங்குங்கள். உணரித் துளைகளில் படியும் ஈயத் தூசியை மென்மையான தூரிகையால் அகற்றுவதும், புதிய மின்கலம் போடுவதும் சொல்லாமலே செய்ய வேண்டியவை.

ரேடார் கருவிகளில் விளக்குத் தொல்லை இல்லை. அவற்றை இலக்கின் திசைக்கு நேராகத் திருப்பி, காற்றுத் துப்பாக்கிக்குரிய வேக வரம்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். குழல் முனையின் வேகத்தைக் கணித்துக் காட்டும் ரேடாரின் எண், ஒரு மீட்டர் தள்ளி அளக்கும் ஒளிக் கருவியின் எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். அதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம்.

கருவி பொய் சொல்கிறதா என்று அறிய இரு வழிகள்

நண்பரிடமோ மன்றத்திலோ இன்னொரு குரோனோகிராஃப் கிடைக்குமானால், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு எண்களையும் எழுதுங்கள். நான்காவது குண்டு இரண்டிலும் குறைவாக வந்தால் குண்டு உண்மையிலேயே மெதுவாகச் சென்றிருக்கிறது. ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தக் கருவியே குற்றவாளி. பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் இரு எண்களின் வித்தியாசத்தை எடுத்து, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தைக் கணக்கிடுங்கள். இரண்டும் ஒரே வகைக் கருவி என்றால், அதை 1.41-ஆல் வகுத்தால் ஒரு கருவியின் பிழை கிடைக்கும். துப்பாக்கியின் ஏற்ற இறக்கம் இரு எண்களிலும் பொதுவாக இருப்பதால் கழிபட்டுப் போய்விடுகிறது. இந்தச் சோதனைக்கு ஈடான இன்னொன்று கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு கருவி கிடைக்கவில்லையா? இலக்கையே சாட்சிக்கு அழையுங்கள். மேலே கண்ட கணக்கின்படி, வேகம் உண்மையில் விநாடிக்கு 10 மீட்டர் குறைந்திருந்தால் குண்டு 2 மி.மீ.க்கும் மேலாக, அதாவது கிட்டத்தட்ட ஒரு வளையம், கீழே விழுந்திருக்க வேண்டும். மணல் பையில் கிடத்திய துப்பாக்கியில் மின்னணு இலக்கு 10.6 என்று காட்டும்போது குரோனோகிராஃப் 158 என்று காட்டினால், நம்ப வேண்டியது இலக்கைத்தான். விநாடிக்கு ஓரிரு மீட்டர் அளவிலான சிறு மாற்றங்களுக்கு இந்த வழி உதவாது. பெரிய எகிறல்களைப் பிரித்தறிய இது போதும்.

எத்தனை குண்டுகள்?

ஐந்து குண்டுகளைச் சுட்டு, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வீச்சைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது ஏமாற்றும். திட்ட விலக்கம் ஒன்றேயாக இருந்தாலும் 5 குண்டுகளில் வீச்சு அதன் 2.3 மடங்காகவும், 10 குண்டுகளில் 3.1 மடங்காகவும், 20 குண்டுகளில் 3.7 மடங்காகவும் சராசரியாக அமையும். ஐந்து குண்டுகளின் வீச்சை இருபது குண்டுகளின் வீச்சோடு ஒப்பிட்டால் ஐந்துதான் எப்போதும் வென்றதுபோல் தோன்றும்.

திட்ட விலக்கமும் குறைந்த குண்டுகளில் நிலைகொள்ளாது. 5 குண்டுகளில் 1.0 என்று கிடைத்தால், 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மை மதிப்பு 0.6-க்கும் 2.9-க்கும் இடையில் இருக்கலாம் என்பது மட்டுமே. 10 குண்டுகளில் அது 0.7 முதல் 1.8 வரை, 30 குண்டுகளில் 0.8 முதல் 1.3 வரை. ஏர் ரைஃபிள் குண்டின் விலையைப் பார்க்கும்போது 30 குண்டுகள் சுடத் தயங்கக் காரணமில்லை. விசித்திரமாக வந்த எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்துவிடவும் கூடாது. அதை எழுதி, பக்கத்தில் நடந்ததைக் குறியுங்கள்: அடுத்த பாதையில் யாரோ விளக்கைப் போட்டார்கள், குண்டு சாய்ந்து அமர்ந்தது, நீண்ட இடைவெளிக்குப் பிறகு சுட்டது என்பன போன்றவை.

துப்பாக்கியில் பார்க்க வேண்டியவை

கருவி தெளிவானது என்று உறுதியான பிறகும் ஏற்ற இறக்கம் நீடித்தால், எண்களைச் சுட்ட வரிசையிலேயே ஒரு வரைபடமாக இடுங்கள். வரைபடத்தின் வடிவமே நோயைச் சொல்லும்.

இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் குண்டு மட்டும் வேகமாகச் சென்று, அடுத்தவை வழக்கமான வேகத்துக்குத் திரும்பினால், ரெகுலேட்டர் முழுமையாக மூடாமல் அழுத்தத்தை மெல்லக் கசியவிடுகிறது. இதை உறுதிசெய்ய, 45 விநாடிக்கு ஒன்றாக பத்துக் குண்டுகளைச் சுட்டு, பத்து நிமிடம் நிறுத்தி, மீண்டும் அதே கதியில் பத்துக் குண்டுகளைச் சுடுங்கள். தொடக்கக் குண்டு ஒவ்வொரு முறையும் எகிறினால் சந்தேகத்துக்கு இடமில்லை. முதல் குண்டு மெதுவாக வந்தால், வால்வோ அதைத் தட்டும் சுத்தியலோ ஓய்வில் ஒட்டிக்கொள்கிறது என்று பொருள் கொள்ளலாம். வேகம் குண்டுக்குக் குண்டு சரிந்துகொண்டே போனால் சிலிண்டரின் அழுத்தமானியைப் பாருங்கள். 200 பார் அளவில் நிரப்பப்பட்ட சிலிண்டர் ரெகுலேட்டரின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கிய பிறகு எந்தத் துப்பாக்கியும் சீராகச் சுடாது. சிலிண்டரின் மேல் அச்சிடப்பட்ட காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ரெகுலேட்டரையோ வால்வையோ நீங்களே கழற்றக் கூடாது. உள்ளே அடைபட்டிருக்கும் அழுத்தம் உயிருக்கே ஆபத்தானது. அது தேர்ச்சி பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரின் வேலை. சாதாரண எண்ணெய் எதையும் காற்றுப் பகுதியில் இடுவதும் கூடாது. உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் அது தீப்பற்றும்.

குழலைச் சுத்தம் செய்த நாளில் வேகத்தை அளக்காதீர்கள். ஈயம் மீண்டும் சீராகப் படியும் வரை முதல் சில குண்டுகள் தனிப் போக்கில்தான் செல்லும்.

குண்டுகள்

இங்கே வந்து சேரும்போது பெரும்பாலான சிக்கல்கள் தீர்ந்திருக்கும். எஞ்சியவற்றில் எடை வேறுபாடு முதன்மையானது. வெளிவரும் ஆற்றல் மாறாது என்று கொண்டால், குண்டின் எடை ஒரு விழுக்காடு, அதாவது 5 மில்லிகிராம் கூடினால், வேகம் அரை விழுக்காடு, அதாவது விநாடிக்கு 0.85 மீட்டர் குறையும். நடைமுறையில் மாற்றம் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு இதற்குத் தேவை. அதைக் குளிர்சாதனக் காற்று நேரடியாக வீசும் இடத்தில் வைத்தால் தராசே குண்டைவிட அதிகமாக ஆடும்.

தலை விட்டம் 4.49 மி.மீ., 4.50 மி.மீ. என்று பிரித்து விற்கப்படுகிறது. எது பொருந்தும் என்பதைக் குழல்தான் தீர்மானிக்கும். பாவாடை, அதாவது பின்புற விரிந்த ஓரம், நசுங்கிய குண்டுகளை ஒதுக்குங்கள். குழலின் வாயில் வைக்கும்போது கட்டைவிரலால் அழுத்திச் சாய்த்துவிடாதீர்கள்.

இரண்டு வகைக் குண்டுகளை ஒப்பிடும்போது முதல் வகை முழுவதையும் சுட்டுவிட்டு அடுத்த வகைக்குப் போகாதீர்கள். சுடும் நேரத்தில் அறையின் வெப்பமும் சிலிண்டரின் அழுத்தமும் மாறுவதால், இரண்டாவது வகை செய்யாத குற்றம் அதன் தலையில் விழும். முதல் வகையில் ஐந்து, இரண்டாவதில் பத்து, மீண்டும் முதல் வகையில் ஐந்து என்று பின்னிச் சுட்டு, இதையே மூன்று முறை செய்தால் ஒவ்வொன்றிலும் 30 குண்டுகள் சேர்ந்துவிடும்.

பழுதுபார்ப்பவரிடம் துப்பாக்கியைக் கொண்டுபோக நேர்ந்தால், அந்த வரைபடத்தையும் கருவியின் தூரம், விளக்கு, சுட்ட இடைவெளி, சிலிண்டரின் தொடக்க, இறுதி அழுத்தங்கள் ஆகியவற்றை எழுதிய தாளையும் உடன் கொடுங்கள். வேகம் சரியில்லை என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் எங்கே தேடுவார்? முதல் குண்டு மட்டும் விநாடிக்கு 4 மீட்டர் கூடுதலாக வருகிறது என்று எழுதிக் கொடுத்தால், அவர் நேரே ரெகுலேட்டரின் அடைப்பு பொருந்தி மூடும் இடத்தைத்தான் திறந்து பார்ப்பார்.